நிழற்படத்தில் அழுகையும் பெருமிதமும்

மனித உணர்வுகளை எடுத்துக்காட்டும் கலைகளுள் நிழற்படக்கலை வயதில் இளைய ஒன்று. பாரிசில் தாகேரின் முறை உலகறிய அறிவிக்கப்பட்ட 1839-ஐத் தொடக்கமாகக் கொண்டால் இன்னும் இருநூறு ஆண்டுகூட நிறையவில்லை. ஆனாலும் பிறர் துயரத்தை நாம் நம்புவதற்கு இன்று படம்தான் சாட்சி என்றாகிவிட்டது. ஒரு படம் ஆயிரம் சொல்லுக்குச் சமம் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அழுகையைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். அழுது முடித்து, முகம் கழுவி, மறுநாள் வேலைக்குப் போகிறார்களே, அந்த நெஞ்சுரத்தைப் பொறுத்தவரை எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுள்ளிக்கல் பக்கம் இருக்கிற நமக்கு இது வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. மேற்குக் கொச்சியைப்போல் ஓயாமல் படம் பிடிக்கப்படும் பகுதி கேரளத்தில் வேறு எது? சீனவலை, யூதத்தெரு, மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகள், அப்புறம் ஃபோர்ட் கொச்சி 'வெளி' பகுதியில் நம்மவர்களின் தோபிகானா. 2012 டிசம்பர் 12-ஆம் நாள் முதல் பியென்னாலே தொடங்கியபின் கேமராவும் கையுமாக வருவோர் இன்னும் பெருகிவிட்டனர். படம் எடுப்பவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. எடுக்கப்படுகிறவர்கள் பக்கம் நின்றும் கொஞ்சம் பேசலாமே.

மெய்ப்பாடு என்னும் அளவுகோல்

இதற்கு அளவுகோல் தேடி வெளியே போக வேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்து உணர்வு உடம்பின்வழிப் பிறருக்குப் புலனாவதே மெய்ப்பாடு என்பது உரையாசிரியர் தரும் விளக்கத்தின் சாரம். கேமராவால் பிடிக்கக்கூடியதும் இது ஒன்றுதான். உள்ளத்தை எந்த லென்சும் பார்த்ததில்லை, உடம்பைத்தான் பார்க்கிறது.

எட்டு மெய்ப்பாடுகளுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள். பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், புகழ்மை, கொடை என நான்கு. தறுகண் என்றால் அஞ்சத்தக்கதைக் கண்டும் அஞ்சாமை. நாம் தேடும் நெஞ்சுரம் இங்கேதான் இருக்கிறது. அதைத் துயரத்தின் கிளையாக வைக்காமல் பெருமிதத்தின்கீழ் வைத்தார்களே, அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இனி ஒன்று கவனியுங்கள். இழவு ஒரு கணத்தில் உடம்பில் தெரியும். அசைவு அப்படியல்ல. முன்பிருந்த நல்ல நிலை கெட்டுத் தாழ்வதே அசைவு என்பதால், முன்பு எப்படி இருந்தார் என்று தெரிந்தால்தான் இப்போதைய தாழ்வு புரியும். தறுகண் அதைவிடக் கடினம். அஞ்சத்தக்கது எது, அதன்முன் எத்தனை நாள் நின்றார் என்று தெரிய வேண்டும். அதாவது காலம் வேண்டும். நிழற்படமோ நொடியில் ஒரு சிறு பங்கை மட்டும் வெட்டி எடுப்பது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கடலூர்க் கடற்கரை

2004 டிசம்பர் 26 சுனாமி நம் எல்லோர் நினைவிலும் உண்டு. இங்கே பக்கத்தில் வைப்பின் எடவனக்காட்டிலும் உயிர்கள் போயின. அந்தப் பேரழிவை உலகத்துக்குச் சொன்ன படம் கடலூரில் எடுக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28-இல், ராய்ட்டர் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா எடுத்தது. மணலில் குப்புற விழுந்து கிடக்கிறார் ஒரு பெண், உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிந்திருக்கின்றன. படத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரிகிறது. 2004-ஆம் ஆண்டுக்கான உலகப் பத்திரிகை நிழற்பட விருதில் முதலிடம் பெற்றது இது.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய படம். பிணத்தின் முகத்தைக் காட்டாமல் கையோடு நிறுத்தியது நாகரிகம். அழுகிறவரின் கைகளே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. இழவு என்னும் நிலைக்களனுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் எப்போதைக்கும் மணலிலேயே கிடக்கிறார். ஆண்டுதோறும் டிசம்பர் வந்தால் அந்தப் படம் அச்சாகிறது, அவர் மறுபடியும் விழுகிறார். எழுந்தார், அந்தக் கரையிலேயே அடுப்பு மூட்டினார் என்பதற்குப் படத்தில் இடமில்லை. இது ஆர்கோ தத்தாவின் குற்றமன்று. அந்த ஒரு படத்தையே எடுத்தெடுத்துப் போடும் நம்முடைய குற்றம்.

அமெரிக்காவில் இதற்கு முன்னோடி உண்டு. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில், டோரத்தியா லாங் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்'. கன்னத்தில் கைவைத்த 32 வயதுப் பெண், இரு தோளிலும் முகம் புதைத்த பிள்ளைகள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு அந்த முகம் அந்நியம் அல்ல. ஆனால் அவர் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. பெயரைக்கூடக் கேட்கவில்லை, அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் மனக்குறையோடு சொன்னார். படம் எடுத்த பிறகு 47 ஆண்டுகள் வாழ்ந்து, உழைத்து, பிள்ளைகளை ஆளாக்கி, 1983-இல் மறைந்தார். நெஞ்சுரம் என்று நாம் பாராட்ட வேண்டியது அந்த 47 ஆண்டுகளை. பாராட்டுவதோ அதற்கு முந்தைய ஒரு நொடியை.

சூசன் சான்டாக் 2003-இல் வெளியிட்ட நூலில், செபாஸ்தியாவோ சல்காடோவின் புலம்பெயர்ந்தோர் படங்களில் மனிதர்களின் பெயர் இல்லையே என்று குறை சொன்னார். சல்காடோ மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனாலும் குறை நியாயமானதே. பிரபலங்களுக்குப் பெயர், ஏழைகளுக்குத் தொழில் என்பதுதானே எங்கும் வழக்கம்: 'மீனவர்', 'கூலிப்பெண்', 'சலவைத் தொழிலாளி'.

நம் தோபிகானா

சலவைத் தொழிலாளி என்றதும் பேச்சு மறுபடி வெளிக்கு வந்துவிடுகிறது. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று அங்கே பரம்பரையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இப்போதுள்ள கட்டடமும் துவைக்கும் அறைகளும் 1976-இல் ஜி.சி.டி.ஏ. கட்டிக்கொடுத்தவை. அங்கே எடுக்கப்பட்ட படங்களில் பத்துப் பார்த்தால் நூறு பார்த்த மாதிரி. ஓங்கிய துணியிலிருந்து தெறிக்கும் நீர்த்துளி. இரண்டாக முறுக்கிய கயிற்றில் கிளிப் இல்லாமல் செருகிய வெள்ளை விரிப்புகள். கரி இஸ்திரிப்பெட்டி, அதைப் பிடித்திருக்கும் சுருங்கிய கை. ஒளி அழகு, நிறம் அழகு. முகம் இருந்தாலும் பெயர் இருக்காது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். இந்தப் படங்களில் எப்போதும் வெயில்தான். வெளியூர்க்காரர் கூட்டமாக வருவது டிசம்பர், ஜனவரியில் அல்லவா? இடவப்பாதி பிறந்து நாள்கணக்கில் மழை அடிக்கும்போது, ஈரத்துணியை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிற முகம் படத்தில் வருவது அரிது. தறுகண் என்று ஒன்று அங்கே உண்டென்றால் அது ஜூன், ஜூலையில்தான் தெரியும். அந்த நேரத்தில் லென்சில் பூசணம் பிடிக்குமே என்ற கவலை கேமராக்காரருக்கு!

அப்படிக் கவலைப்படாத ஒருவரையும் சொல்ல வேண்டும். மலையாள மனோரமாவின் விக்டர் ஜார்ஜ். மழையையே பொருளாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் படம் எடுத்தவர். 2001 ஜூலை 9 அன்று இடுக்கி மாவட்டம் வெண்ணியானி மலையில் மண்சரிவைப் படமெடுக்கப் போய் அதிலேயே உயிர்விட்டார். அவர் எடுத்ததில் எனக்கு மிகப் பிடித்தது மழை அல்ல. தில்லி தேசிய விளையாட்டுப் போட்டியில் அனிதா சூட் நீந்தும்போது, கரையில் நின்ற அவருடைய தாயை எடுத்த தொடர். நீச்சல்காரி படத்தில் இல்லை. தாயின் உடம்புதான் பதறுகிறது, துள்ளுகிறது, பூரிக்கிறது. இதை ஒரே படத்தில் சொல்லியிருக்க முடியாது. படத்துக்கும் படத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் காலம் ஓடுகிறது, அதனால் உணர்வும் ஓடுகிறது. நான் முன்சொன்ன சிக்கலுக்கு இது ஒரு விடை.

இன்னொரு விடை கே.ஆர். சுனிலுடையது. 2016 பியென்னாலேயில் பொன்னானித் துறைமுக மனிதர்களை அவர் காட்சிக்கு வைத்தார். பின்னர் உரு என்னும் பாய்மரக் கப்பல்களில் வேலைபார்த்த முதிய கலாசிகளைத் தேடிப்போய் 'மஞ்சுக்கார்' என்ற தொடரை எடுத்தார். இதில் கடலும் இல்லை, புயலும் இல்லை. வயதானவர்கள் சும்மா நேராக நம்மைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் அவரவர் கதை எழுத்தில் இருக்கிறது. கதையைப் படித்துவிட்டு முகத்தைத் திரும்பப் பார்த்தால் அது வேறு முகம். படம் தனியே நிற்க வேண்டும், எழுத்து ஊன்றுகோல் என்று சொல்லும் கலைவிமரிசகர்கள் உண்டு. இருக்கட்டுமே, ஊன்றுகோல் வைத்து நடப்பதில் என்ன கேவலம்?

நாமே நின்று எடுத்துக்கொண்டவை

இதுவரை சொன்னவை பிறர் எடுத்த படங்கள். வீட்டுக்காரர்களே ஆள் கூப்பிட்டு எடுக்கச்சொன்ன படங்களைக் கலையென்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் அக்கம்பக்கத்துக் கிறித்தவ வீடுகளில் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டிலும் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கும் வழக்கம் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அது பயமாக இருக்கிறது. கடலூர்ப் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இழவுதான். ஆனால் இங்கே அழுகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்து, கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் வர முடியவில்லை, அவனுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கண நேர நிமிர்வில் அழுகையும் பெருமிதமும் ஒரே உடம்பில் நிற்கின்றன. எடுத்த ஸ்டுடியோக்காரர் தன்னைக் கலைஞர் என்று ஒருநாளும் நினைத்திருக்கமாட்டார்.

ஈழத்துத் தாய்மார் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய்விட்டார்கள். 2017 பெப்ரவரி 20-இல் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடர்போராட்டம் தொடங்கியது. கையில் பிள்ளையின் படம். பெரும்பாலும் அடையாள அட்டைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ எடுத்ததைப் பெரிதாக்கியது. அந்தப் படத்தில் உணர்ச்சி ஒன்றும் இல்லை, ஸ்டுடியோவில் ஆடாமல் இருக்கச் சொன்னபடி இருந்த முகம். பிள்ளைக்கு என்றும் இருபது வயது. பிடித்திருக்கும் தாய்க்கு ஆண்டுக்கு ஆண்டு நரை கூடுகிறது. விடை தெரியாமலே இறந்துபோன பெற்றோர் பலர். செய்தியாளர் எடுக்கும் படத்துக்குள் இன்னொரு படம் இருக்க, இரண்டுக்கும் நடுவே கழிந்த காலம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒற்றைப் படத்தில் காலத்தைக் காட்ட முடியாது என்ற என் வாதத்துக்கு விலக்கு இது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்த விலக்கை உண்டாக்கியது கேமராக்காரரின் திறமையல்ல, தாயின் பிடிவாதம்.

மதுரைக்காரர் மு. பழனிகுமாரை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். கழிவுநீர்த் தொட்டிகளில் இறந்தவர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து எடுத்துவருபவர். 2022-இல் தயானிதா சிங் - பாரி ஆவண நிழற்பட விருது முதன்முதலில் இவருக்குத்தான் கிடைத்தது. மீன் விற்கும் தன் தாயையே விடியலுக்குமுன் தெருவிளக்கு வெளிச்சத்தில் படமெடுத்து, அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். படம் எடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிற ஆள் அல்ல, அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். துப்புரவுப் பணியாளர் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துப் பழக்கியும் வருகிறார். அந்தப் பிள்ளைகளுக்குத் தாயின் பெயரைக் கேட்டு எழுத வேண்டிய அவசியம் இல்லையே!

இனி நம் வீட்டு விஷயம். புலம்பெயர்ந்தோர் சங்க மலர்கள் எதையும் புரட்டிப் பாருங்கள். நிர்வாகிகள் படத்துக்குக் கீழே 'இடமிருந்து வலம்' என்று பெயரும் பதவியும் பட்டமும் ஒன்றுவிடாமல் இருக்கும். பந்தியில் பரிமாறுகிறவர்கள், கோலம் போடுகிற பெண்கள், சலவைத்துறைப் பெரியவர் படத்துக்குக் கீழே 'விழாவில் ஒரு காட்சி', 'உழைப்பே உயர்வு' என்று ஏதாவது ஒன்று. வாத்தியார் வேலைபோல இதைச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அடுத்த மலருக்குப் புதுப்படம் எடுக்க ஆள் அனுப்புவதற்குப் பதில், வெளியிலும் சுள்ளிக்கலிலும் மட்டாஞ்சேரியிலும் உள்ள வீடுகளிலிருந்து பழைய படங்களைக் கேட்டு வாங்கலாம். ஊர்விட்டு வந்த புதிதில் எடுத்தது, கல்யாணத்துக்கு எடுத்தது, சாவுக்கு எடுத்தது எதுவானாலும் சரி. படத்தின் முதுகில் ஸ்டுடியோ முத்திரை இருக்கும். சிலவற்றில் பென்சிலால் தேதியும் பெயரும் எழுதியிருக்கும், எழுத்து மங்கிப் போயிருக்கலாம். முன்பக்கத்தோடு அந்தப் பின்பக்கத்தையும் சேர்த்து அச்சிட்டால் பக்கம் கொஞ்சம் கூடும், விளம்பரத்தில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.