மூன்று கோடிச் சொற்கள்

ஏழையின் குழந்தை ஏன் படிப்பிலே பின்தங்குகிறது? இந்தக் கேள்விக்குக் காலந்தோறும் ஒரு விடை ஆயத்தமாக இருந்து வந்திருக்கிறது. "தலையெழுத்து" என்றனர் ஒரு காலத்திலே. "பிறவிக் கோளாறு, அவர்கள் இரத்தத்திலே அறிவு இல்லை" என்றனர் பிறகு. பகுத்தறிவு வளர வளர, இரண்டும் வெளிறின. மூன்றாவது விடை இப்போது புள்ளிவிவரப் பட்டாடை உடுத்து, பல்கலைக் கழக வாயில் வழியாக வந்து நிற்கிறது: "அந்தக் குழந்தையிடம் அதன் வீட்டார் போதுமான அளவு பேசவில்லை!"

இந்த விடைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூல் 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே வெளிவந்தது. அமெரிக்கச் சிறாரின் அன்றாட வாழ்விலே காணும் பொருள்மிக்க வேறுபாடுகள் என்பது அதன் தலைப்பின் கருத்து. ஆசிரியர்கள், பெட்டி ஹார்ட் அம்மையாரும் டாட் ரிஸ்லியும். மாடியிலே நின்று ஏழையை நோக்கியவர்கள் அல்லர் இவர்கள். 1960-களிலே, வறுமை ஒழிப்புத் திட்டங்கள் வகுக்கப்பட்ட நாட்களிலே, கான்சாஸ் நகரின் ஏழைக் குடியிருப்பிலே சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர்கள். புதுச் சொற்களைக் கற்பித்தனர், பிள்ளைகளும் கற்றனர். ஆனால் பெற்ற முன்னேற்றம் நிலைக்கவில்லை. பள்ளிக்கு வருமுன்பே வீட்டிலே ஏதோ நடந்துவிடுகிறது, அதனைக் கண்டறிவோம் என்று புறப்பட்டனர்.

42 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தனர். குழந்தைக்கு ஓராண்டு நிறையுமுன் தொடங்கி மூன்று வயது வரையிலே, ஒவ்வொரு வீட்டிற்கும் மாதம் ஒரு மணி நேரம் சென்று, காதில் விழுந்த பேச்சையெல்லாம் பதிவு செய்து, எழுதி, எண்ணினர். கல்வியும் உயர்பதவியும் கொண்டோர் வீட்டுக் குழந்தை மணிக்கு 2,153 சொற்களைக் கேட்டது. உழைப்பாளர் வீட்டுக் குழந்தை 1,251. அரசு தரும் உதவிப் பணத்திலே வாழ்ந்தோர் வீட்டுக் குழந்தை 616. முதல் வகை வீட்டிலே மணிக்கு 32 ஊக்கச் சொற்கள், 5 தடைச் சொற்கள். கடைசி வகை வீட்டிலே 5 ஊக்கச் சொற்கள், 11 தடைச் சொற்கள்!

நூலின் நன்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். பிறப்பே அறிவை வகுக்கிறது என்போர் முகத்திலே அறைகிறது இந்நூல். பேசப்பேசப் பேச்சு வளர்கிறது. கேட்கக்கேட்கச் சொல் பெருகுகிறது. ஒரே வகைக் குடும்பங்களுக்குள்ளேயும் பேசுவோரும் உண்டு, பேசாதோரும் உண்டு. ஆகவே அறிவு எந்தக் குலத்தின் தனிச்சொத்தும் அன்று. இதுவரையில் நமக்கும் நூலாசிரியர்களுக்கும் வழக்கில்லை.

வழக்கு எங்கே தொடங்குகிறது? பெருக்கல் கணக்கிலே!

மாதம் ஒரு மணி நேரம் கேட்டதை, வாரத்திற்கு 100 மணி, ஆண்டிற்கு 5,200 மணி என்று பெருக்கினர். நான்கு வயதிற்குள் ஒரு குழந்தை நாலரைக் கோடிச் சொற்களையும், மற்றொன்று 1 கோடியே 30 இலட்சம் சொற்களையும் கேட்கும் என்றனர். இடைவெளி, மூன்று கோடிக்கும் மேல்! செய்தித்தாள்கள் முழங்கின, மேடைகள் எதிரொலித்தன. 42 குடும்பங்களிலே உதவிப் பணத்தில் வாழ்ந்தவை எத்தனை என்று கேட்டோர் மிகச் சிலர். ஆறு! ஆறே ஆறு! அந்த ஆறும் கறுப்பின மக்களின் குடும்பங்கள். ஆறு வீடுகளின் பேச்சை அளந்து, அமெரிக்க நாட்டு ஏழைகள் அத்தனை பேருக்கும் தீர்ப்பு எழுதலாமா? பானையிலே ஒரு சோறு பதம் பார்க்கலாம்; ஒரு சோற்றைக் கொண்டு ஊரார் பானைகளையெல்லாம் பதம் பார்க்கலாமா?

மற்றொன்றும் கேட்கிறோம். பதிவுக் கருவியோடு படித்தவர் ஒருவர் வந்து அமர்கிறார். பேராசிரியர் வீட்டிலே அவர் விருந்தினர். உதவிப் பணத்தை எந்த அதிகாரி எப்போது நிறுத்துவாரோ என்று அஞ்சி வாழும் தாயின் வீட்டிலே, அவர் யார்? அந்த ஒரு மணி நேரத்திலே அவள் நாவு இயல்பாக இயங்குமா?

இது வெறும் ஐயமன்று. 1969-ஆம் ஆண்டிலேயே வில்லியம் லபாவ் என்ற மொழியியலறிஞர் இதனை எடுத்துக் காட்டினார். நியூயார்க் நகரின் ஹார்லம் பகுதியிலே எட்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லிலே விடை தந்தான். மொழியறிவு இல்லாத பிள்ளை என்று முத்திரை குத்த அது போதாதா? ஆனால் ஆய்வாளர் மீண்டும் வந்தார். உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி வந்தார், சிறுவனின் உற்ற நண்பனையும் அழைத்து வந்தார், நாற்காலியை விட்டுத் தரையிலே அமர்ந்தார். சிறுவன் பேசினான், வாதாடினான், நண்பனோடு போட்டியிட்டுப் பேசினான்! முன்னே அவனிடம் இல்லாதிருந்தது மொழியன்று, அச்சமற்ற சூழல்.

கான்சாஸ் கணக்கிலே வேறொரு குறையும் உண்டு. குழந்தையை நோக்கிப் பேசிய பேச்சே அங்கு எண்ணப்பட்டது. பாட்டியும் அத்தையும் அண்டை வீட்டாரும் குழந்தையைச் சுற்றியிருந்து பேசும் பேச்சு கணக்கில் ஏறவில்லை. டக்ளஸ் ஸ்பெரியும் உடன் ஆய்ந்தோரும் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே, ஐந்து சமூகங்களைச் சார்ந்த 42 குழந்தைகளைக் கண்டனர். ஒரே வருவாயுடைய மக்களுக்குள்ளேயே பெரும் வேறுபாடு இருந்தது. சுற்றத்தாரின் பேச்சையும் சேர்த்தபோது ஏழைச் சமூகங்களின் கணக்கு உயர்ந்தது. மறுப்பும் எழுந்தது: காதில் விழும் பேச்சு, குழந்தையின் முகம் பார்த்துப் பேசும் பேச்சுக்கு ஈடாகாது என்றனர். அந்த மறுப்பிலே உண்மை உண்டு, மறைக்க மாட்டோம். எனினும், நாள் முழுவதும் பதிவு செய்யும் கருவிகளைக் கொண்டு 2017-இல் வேறோர் ஆய்வுக் குழு கணக்கிட்டபோது, மூன்று கோடி என்ற இடைவெளி நாற்பது இலட்சமாகச் சுருங்கிற்று. இடைவெளி உண்டு, பூதம் இல்லை.

எண்ணிக்கையே பெரிதா என்பது அடுத்த வினா. 2018-இலே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்தோர், நான்கு முதல் ஆறு வயதுள்ள 36 குழந்தைகளை ஆராய்ந்தனர். கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி எத்துணை இயங்குகிறது என்பது, கேட்ட சொற்களின் தொகையைவிட, பெரியவரும் குழந்தையும் மாறிமாறிப் பேசிய உரையாடலோடு மிகுதியும் தொடர்புற்றிருந்தது. வருவாயைக் கழித்துப் பார்த்தும் அத்தொடர்பு நின்றது. சொல் மாரி பொழிவதிலே அன்று, குழந்தை சொன்னதற்குச் செவி சாய்ப்பதிலே இருக்கிறது வித்தை!

செவி சாய்க்க வேண்டியவர் தாய் மட்டுமா? ஷெர்லி பிரைஸ் ஹீத் அம்மையார் 1983-இல் வெளியிட்ட நூல், பள்ளியையும் கூண்டிலேற்றுகிறது. கரோலினா மாநிலங்களின் ஆலைப் பகுதியிலே, கறுப்பினத் தொழிலாளர் வாழ்ந்த ஊரில் அம்மையார் ஆண்டுக்கணக்கிலே பழகினார். அங்கே பெரியவர்கள், தமக்கு விடை தெரிந்ததையே குழந்தையிடம் கேட்பதில்லை. "இது எதைப் போல இருக்கிறது?" என்று கேட்பார்கள், குழந்தை ஒப்புமை காட்டி விடை தரும். பள்ளிக்கூடமோ, "இது என்ன நிறம்?" என்று கேட்டது. தெரிந்ததையே இவர் ஏன் கேட்கிறார் என்று விழித்தது குழந்தை. "அறியாத பிள்ளை" என்றது பள்ளி! அறியாதவர் யார்? ஆசிரியர்கள் தங்கள் கேள்வி முறையை மாற்றினர்; ஊமையென எண்ணப்பட்ட பிள்ளைகள் வாய் திறந்தனர்.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இது சுடத்தான் செய்கிறது. "வீடு சரியில்லை" என்ற ஒரு சொல் போதும், பள்ளியின் பொறுப்பெல்லாம் தாயின் தலையில் இறங்கிவிடும். பாடம் ஏறவில்லையா, வீடு சரியில்லை. பிள்ளை பேசவில்லையா, வீடு சரியில்லை. ஆசிரியர் ஓய்வறையிலே இதனைவிட வசதியான சாய்வு நாற்காலி வேறில்லை.

ஆட்சியாளருக்கும் அது வசதியே. பிராவிடன்ஸ் நகராட்சி 2013-இலே 50 இலட்சம் டாலர் பரிசு பெற்று, குழந்தையின் ஆடையிலே சிறு கருவி பொருத்தி வீட்டுப் பேச்சை எண்ணும் திட்டத்தைத் தொடங்கிற்று. நல்லெண்ணத்தைக் குறை கூறோம். ஆனால் அதே நாட்டிலே, பிள்ளை பெற்ற தாய்க்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வார விடுப்பு, அதுவும் ஊதியமின்றி! 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தனியார் நிறுவனத்திலே அந்த உரிமையும் கிடையாது. ஊதியத்தோடு விடுப்புத் தரும் மாநிலங்கள் சில உண்டு. நாடு முழுமைக்குமான சட்டம் இல்லை. தாயின் சொல்லை எண்ணக் கருவி கண்டனர். குழந்தையோடு இருக்க அவளுக்கு ஊதியத்தோடு நேரம் தரச் சட்டம் காணவில்லை. இரண்டு வேலை பார்த்து, இரவிலே வந்து படுப்பவளை நோக்கி, "மணிக்கு 2,153 சொல் பேசு" என்பது அறிவுரையா, கேலியா?

குழந்தையோடு பேசுங்கள் என்பது நல்லுரை. பாடுங்கள், கதை சொல்லுங்கள், அது மழலையிலே கேட்பதற்கெல்லாம் விடை கூறுங்கள் என்று இளைஞர்கள் வீடுதோறும் சொல்லட்டும். காசு கேட்காத கல்வி அது. தந்தையும் தரலாம், தமையனும் தரலாம். ஆனால் அந்த நல்லுரையைக் குற்றச்சாட்டாக மாற்றுவோரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். பேசுவதற்கு அந்தத் தாய்க்கு ஓய்வு கொடுத்தீரா? ஓய்வு கொள்ளக் கூலி கொடுத்தீரா? அவள் பிள்ளை பேசியபோது, பள்ளிக்கூடத்திலே அதனைக் கேட்கச் செவி கொடுத்தீரா? இவற்றுக்கு விடை வரும் வரையிலே, மூன்று கோடிக் கணக்கு பழைய தலையெழுத்தின் புதிய அச்சுப் பதிப்பாகவே இருக்கும்.