குப்பை அடித்த வயலில் கோதுமை

திண்டுக்கல் சமவெளி கோதுமைக்குப் பேர்போன மண் அல்ல. இங்கே தானியமென்றால் சோளம், கம்பு, இப்போது மக்காச்சோளம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தமிழ்நாட்டுக் கோதுமை நிலையம்கூடக் குளிர்தேடி நீலகிரியின் வெலிங்டனில்தான் இருக்கிறது. ஆனாலும் இயற்கை எருவால் கோதுமை செழிக்குமா என்ற கேள்வி நம் செம்மண்ணுக்கும் பொருந்தும். மக்காச்சோளத்துக்கும் தழைச்சத்துப் பசி அதிகம்தான்.

முதலில் கணக்கு. மக்கிய தொழு எருவில் தழைச்சத்து ஏறத்தாழ 0.5 சதவீதம், அதாவது டன்னுக்கு 5 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு மூட்டைக்கு ஈடு நாலு டன் குப்பை! பாசனக் கோதுமைக்கு எக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து வேண்டுமென்றால் 24 டன் அடிக்க வேண்டும். அதுவும் அந்தப் பருவத்திலேயே முழுதாகக் கைக்கு வராது. எருவை நுண்ணுயிர்கள் சிதைத்தால்தான் சத்து வெளிவரும். குளிர்ந்த மண்ணில் அவை மெதுவாகவே வேலை செய்யும். கோதுமையோ விதைத்த மூன்று வாரத்தில் முடிவேர் விடும்போதே கேட்டு நிற்கும். 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதில் இந்த வேதியியல் முழுக்க அடங்கிவிடுகிறது.

எருவால் விளையாது என்பவர்களுக்கு இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம் பதில் சொல்லும். 1843 முதல் அங்கே ஒரு வயலில் ஆண்டுக்கு எக்டேருக்கு 35 டன் எருவிட்டுக் கோதுமை போடுகிறார்கள். விளைச்சல் நீண்ட காலம் ரசாயன உரப் பாத்திகளுக்கு நிகராகவே வந்திருக்கிறது. ஆனால் அவ்வளவு எருவுக்கு மாடு எங்கே? போதாததற்கு, பயிர் எடுக்காத நைட்ரேட் நிலத்தடிக்கு இறங்கவும் செய்கிறது.

எருவின் உண்மையான பலம் வேறு இடத்தில். நம் செம்மண் தண்ணீரைப் பிடித்துவைக்காது, காய்ந்தால் மேலே ஓடு கட்டும். குப்பை அந்த இரண்டையும் சரிசெய்கிறது. யூரியாவால் இது ஆகாது. அரைகுறையாக மக்கிய குப்பை கரையானையும் களையையும் கூட்டிவரும் என்பதும் உண்மை. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தை ஊக்கியாக ஏற்கலாம். ஆனால் 3 சதவீதக் கரைசலாகத் தெளிக்கும் அதையே உரத்துக்கு மாற்று என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எரு சேருமுன் உரத்தை நிறுத்தினால் என்னாகும் என்பதை 2021-இல் இலங்கை பார்த்தது. ரசாயன உரத் தடையை அந்த ஆண்டே தளர்த்த நேர்ந்தது.

ஆகவே அடியுரத்துக்குக் குப்பை, மேலுரத்துக்கு அளவான யூரியா என்பதே தானியத்துக்கு நேர்மையான வழி. ஆனால் இருக்கிற குப்பையும் காசு தரும் முருங்கைக்கும் வெங்காயத்துக்கும்தான் முதலில் போகும். தானியக் காட்டுக்கு எஞ்சுவது ஆட்டுக்கிடையும், வண்டிக்கூலி கேட்காத பசுந்தாள் எருவான சணப்பும். சணப்பு பூத்து மடக்கி உழ 45 நாளாவது ஆகும். மழை பிந்தும் ஆண்டில் இருக்கிற தண்ணீரைச் சணப்புக்குக் கொடுப்பதா, பயிருக்கு வைப்பதா என்பதைக் கிணற்று நீர்மட்டம்தான் தீர்மானிக்கும்.