வீட்டுக்கு ஏற்ற விதானம்: ஆடம் மரபும் அதன் அளவுகோல்களும்

18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனில் எழுந்த மாளிகைகளின் பெருமையை உணர அண்ணாந்து பார்க்க வேண்டும். பண்டைய ரோமானியரின் அலங்காரத்தைக் கற்று, சுதையாலும் மென்வண்ணத்தாலும் விதானங்களை ஆக்கிய அந்த ஒரு தலைமுறைக்கு ஈடான கைத்திறன் கட்டடக்கலை வரலாற்றில் அரிது.

இதன் வேர் இத்தாலியில் இருக்கிறது. நீரோவின் பொன் மாளிகை 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண்ணுக்கடியில் கண்டறியப்பட்டது. அங்கே கண்ட கொடிக்கருக்குகளையும் விந்தை உருவங்களையும் ரஃபேலின் குழுவினர் வாட்டிகன் தாழ்வாரங்களுக்குக் கொண்டுவந்தனர். அக்குழுவைச் சேர்ந்த ஜியோவானி தா உதினே சுண்ணாம்புடன் பளிங்குத் தூளைச் சேர்த்து ரோமானியரின் வெண்சுதையை மீட்டெடுத்தார். பிறகு 1738இல் ஹெர்குலேனியத்திலும் 1748இல் பொம்பெயியிலும் அகழாய்வு தொடங்க, பழங்கால வீட்டின் உட்புறமே கண்முன் வந்தது.

இந்த ஊற்றிலிருந்து பல போக்குகள் கிளைத்தன. சிரியாவின் பழைய நகரான பல்மைராவைப் பற்றி ராபர்ட் வுட் 1753இல் வெளியிட்ட நூலின் படங்களைப் பார்த்து, அங்கிருந்த கோயிலின் கட்டம் கட்டமான கல் விதானத்தைச் சுதையில் வடித்தவர்கள் ஒரு சாரார். வெஸ்ட் விக்கம் மாளிகையில் அது ஓவியமாகத் தீட்டப்பட்டது. ஏதென்ஸுக்கே சென்று அளந்து வந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், லண்டன் ஸ்பென்சர் மாளிகையின் ஓவிய அறையில் சுவரையும் விதானத்தையும் ஒரே வண்ணக் கோலத்தில் இணைத்தார்.

இவர்களுள் தலைமையானவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் ஆடம் (1728–1792). 1755 முதல் 1757 வரை இத்தாலியில் தங்கிப் பயின்ற அவர், கோயிலுக்கு உரிய கனத்தை வீட்டுக்குள் ஏற்றக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். ரோமானியர் தம் வீடுகளில் மெல்லிய அலங்காரத்தையே விரும்பினர் என்பது அவர் வாதம். ஆஸ்டர்லி மாளிகையின் வரவேற்பறையில் பல்மைரா விதானத்தை அவரும் கையாண்டார். ஆனால் அவர் முத்திரை பதிந்தது மென்மையான வேலைகளிலேதான். அவருக்குப் பின் ஜேம்ஸ் வயட் ஹீட்டன் மாளிகையிலும், சார்லஸ் கேமரன் ரஷ்யாவின் சார்ஸ்கோயே செலோவிலும் இதே நெறியைத் தம் வழியில் வளர்த்தனர்.

இந்த மரபை எடைபோட நான்கு அளவுகோல்கள் உண்டு.

முதலாவது, புடைப்பின் உயரம். கொடியும் இலையும் தளத்திலிருந்து சற்றே எழும்பினால் போதும். ஆடமின் சுதைக் கலைஞர் ஜோசப் ரோஸின் வேலையில் இந்த நிதானத்தைப் பார்க்கிறோம். மரச் சட்டங்களின் மேல் முடி கலந்த சாந்தை அப்பி, விளிம்புகளை அச்சுப் பலகையால் இழுத்து, மலர்களையும் பதக்கங்களையும் தனியே வார்த்து ஒட்டுவார்கள்.

இரண்டாவது, பகுப்பு. வட்டமும் நீள்வட்டமும் அரைவட்டமும் அறையின் நீள அகலத்திலிருந்து பிறக்க வேண்டும். அன்டோனியோ சுக்கி போன்றோர் தீட்டிய சிறு ஓவியங்கள் அந்தக் கட்டங்களுக்குள் அடங்கி நிற்கும்.

மூன்றாவது, நிறம். வெள்ளைச் சுதை தரும் கண்கூச்சத்தைத் தணிக்கவே ஆடம் பின்புலத்துக்கு இளஞ்சிவப்பும் பச்சையும் பூசச் செய்தார்.

நான்காவது, தரையோடு இயைபு. சால்ட்ரம் மாளிகைக் கூடத்தின் ஆக்ஸ்மின்ஸ்டர் கம்பளம் விதானக் கோலத்துக்கு மறுமொழி சொல்கிறது. மேலும் கீழும் சேர்ந்தே அறை நிறைவு பெறுகிறது.

நிறத்தில் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கென்வுட் மாளிகை நூலகமே பாடம். 1760களின் இறுதியில் ஆடம் அமைத்த அந்த வளைவிதானத்தில் பின்னாளில் தங்கம் ஏறியது. 2013இல் நிறைவுற்ற புதுப்பிப்பின்போது வண்ண அடுக்குகளை ஆராய்ந்தவர்கள், மூலத்தில் சுதைக்குத் தங்கம் இல்லை என்று கண்டனர். தங்கத்தை நீக்கி, இளநீலமும் இளஞ்சிவப்பும் வெண்மையும் திரும்பியதும் மெல்லிய சுதைக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. பகட்டு மறைத்திருந்த கைவேலையை எளிமை காட்டிக்கொடுத்தது.

இன்று ஆயத்த ஜிப்சம் பூக்களை வாங்கி ஒட்டிவிட்டு ஆடம் பாணி என்று சொல்வது எளிது. அறையை அளக்காமல் பூவைத் தேர்ந்தெடுக்கும் அந்த வழி, மேற்சொன்ன அளவுகோல்களில் ஒன்றைக்கூட எட்டாது. அசலைக் காண வழி உண்டு: ஆடம் அலுவலகத்தின் சுமார் 8,000 வரைபடங்களைக் கட்டடக் கலைஞர் ஜான் சோன் 1833இல் வாங்கினார். லண்டனில் உள்ள அவரது அருங்காட்சியகம் அவற்றைப் பாதுகாக்கிறது. வண்ணம் தீட்டிய விதான வரைபடங்கள் அவற்றில் ஏராளம். இந்தக் கலையைக் கற்க விரும்பும் கட்டடக் கலைஞரும் சுதைக் கலைஞரும் அந்த வரைபடங்களிலிருந்தே தொடங்கட்டும்.