வாத்தியாரும் அண்ணாவியாரும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம். பகலில் பிரசங்கம் முடிந்து, இரவு அபிமன்னன் சண்டைக் கூத்து. கொட்டகைக்குப் பின்னால் 13 வயதுப் பையன் ஒருவன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். வாத்தியார் அவன் தாடையை இடக்கையால் பிடித்துக்கொண்டு முகம் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் துரியோதனன் பாதிதான் வந்திருந்தது. அரிதாரத்தின் மேல் முத்துவெள்ளையால் புள்ளி வைத்தபடியே பையனுடைய தருவை மெல்லப் பாடினார். உதடு அசையாமல் அவனும் கூடவே முணுமுணுத்தான். ஓர் இடத்தில் தாளம் நழுவியது. வாத்தியார் புள்ளி வைப்பதை நிறுத்தவில்லை. தொடையில் இரண்டு தட்டு தட்டினார். பையன் அந்த அடியை மறுபடி எடுத்தான். “கிறிக்கி சுத்தறப்ப தரையைப் பார்க்காதடா, திரையைப் பாரு” என்றார். “சரிங்க வாத்தியாரே.” இன்னும் கொஞ்ச நேரத்தில் அதே வாத்தியார் சபையில் இவனை எதிர்த்து நிற்பார்.

நடிப்பைச் சொல்லிக்கொடுப்பதில் இதைவிட நெருக்கமான முறை எனக்குத் தெரியவில்லை. ஆடிப் பிழைக்கிறவர் தாம் ஆடும் அதே இரவில் அடுத்தவனையும் உருவாக்குகிறார். பையன் முதல் வருடம் பின்பாட்டுக்காரர்களோடு நின்றான். வேஷக்காரர் பாடிய கடைசி அடியைத் திருப்பிப் பாடுவதுதான் வேலை. பின்பாட்டுதான் அவனுக்கு வகுப்பறை. ஒரு பருவம் முழுக்க அப்படி நின்றவனுக்கு எல்லா வேஷத்தின் பாட்டும் காதில் ஏறிவிடும். காலுக்கு அடவு அதற்குப் பிறகுதான்.

கடல் தாண்டி மட்டக்களப்பில் வாத்தியாரின் இடத்தில் இருப்பவர் அண்ணாவியார். இங்கே வடக்கத்தி, தெற்கத்தி என்று பாணி பிரிப்பதுபோல் அங்கே வடமோடி, தென்மோடி. ஆனால் கற்றுக்கொடுக்கும் முறை வேறு. இங்கே பையன் கூத்துக் குழுவான ஜமாவுக்குப் போகிறான். அங்கே அண்ணாவியார் ஊருக்கு வருகிறார். வேளாண்மை வெட்டி முடித்தபின் (நெல்லை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) ஊரே கூடிக் கூத்தைத் தீர்மானிக்கும். ஆட வருகிறவர்கள் உழவர்கள், மீனவர்கள், இளவட்டங்கள். அவரவர் பகுதியை எழுதிக் கையில் கொடுப்பதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். பிறகு கிழமைதோறும் பழகும் கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், முழுக் கூத்தையும் ஒத்திகை பார்க்கும் அடுக்குப் பார்த்தல், கடைசியில் ஆடுகளமான வட்டக்களரியில் அரங்கேற்றம். அதோடு முடிவதில்லை, வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். எல்லாம் ஆன பிறகு ஆடியவர் வயலுக்கும் வலைக்கும் திரும்பிவிடுவார். கூத்து அவருக்குப் பிழைப்பு அல்ல, ஊரில் அவருக்குள்ள ஓர் இடம்.

சதங்கை அணிவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரை வெறுங்காலோடு பழகியவர்கள் ஊரார் முன்னிலையில் முதன்முதலாகச் சதங்கை கட்டி ஆடுவார்கள். அரங்கேற்றம் இன்னும் தள்ளித்தான் இருக்கும். ஆனால் இனி இவன் ஆட்டக்காரன் என்று ஊர் அன்றைக்கே ஒப்புக்கொள்கிறது. நம் பையனுக்குச் சலங்கை கட்டியது கொட்டகைக்குப் பின்னால், இருட்டில். அவனைப் பெற்றவள்கூட அதைப் பார்க்கவில்லை.

ஜமாவில் சேர்கிற பையன் தொழிலைக் கற்கிறான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பங்குனி தொடங்கி ஆடி வரை இரவெல்லாம் கண்விழிக்கிறவன் பகலில் எப்படிப் படிப்பான்? கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோனது இப்படித்தான். பெருங்கட்டூர் பொ. ராஜகோபாலும் சிறுவயதிலேயே பள்ளியை விட்டுத் தகப்பனாரின் ஜமாவில் ஆட வந்தவர். அந்த இழப்பை உணர்ந்தவர் என்பதால்தானோ என்னவோ, மனைவி ஹன்னே டி புரூயினோடு சேர்ந்து 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினார். பாடமும் கூத்தும் ஒரே வளாகத்தில். பெண்பிள்ளைகளும் மர அணிகள் தாங்கும் கட்டை வேஷம் கட்டினார்கள். ஆண்களே ஸ்திரீ வேஷம் போட்டுவந்த கலையில் ஒரு சிறுமி கிரீடமும் புஜகீர்த்தியும் தாங்கித் துரியோதனனாகத் திரைக்குப் பின்னாலிருந்து வருவது சின்ன மாற்றமில்லை. அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அதைப் போல இன்னொன்று கள்ளக்குறிச்சியில் இல்லையே என்று அப்போது நான் நினைத்துக்கொண்டது இன்றும் மனதில் நிற்கிறது.

இலங்கையில் கூத்தும் கல்விக்கூடமும் கைகோத்தது அந்தக் குருகுலம் தொடங்குவதற்கு நாற்பது வருடத்துக்கும் முன்பே. 1956இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சரச்சந்திர, நாடகம என்ற மரபை எடுத்து ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தைப் படைத்தார். நாடகம தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. அதே வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று மாணவர்களை வைத்துக் கூத்து போட்டார். விடியவிடிய ஆடுவதைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தவர் பேராசிரியர். ஆனால் கால் எடுத்து வைக்கக் கற்றுக்கொடுத்தவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். ஆட்டம் தெரிந்தவரையே அழைத்து மாணவர் முன்னால் நிறுத்தினார் வித்தியானந்தன். இந்த ஒரு முடிவுக்காகவே அவரை வணங்கத் தோன்றுகிறது. அன்று இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து, தாமே ஆடியும் நெறிப்படுத்தியும் ஒரு தலைமுறைக்குக் கற்பித்தார். கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று நிற்பது அந்த அண்ணாவியாரின் ஊரான வந்தாறுமூலையிலேயே.

யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். நாடகம் எழுதிய கையோடு பள்ளிப் பிள்ளைகளைப் பழக்கியவர் அவர். இலங்கைப் பள்ளிகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரீட்சைப் பாடம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவன் நாடகத்தைப் பாடமாக எடுக்க முடியாது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பிள்ளைகள் உற்சாகமாக ஆடுகிறார்கள். ஆனால் அது போட்டி. சில நாள் ஒத்திகையில் அடவு காலில் ஏறாது.

பரீட்சைப் பாடமானால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. வடமோடிக்கும் தென்மோடிக்கும் என்ன வேறுபாடு என்று நன்றாக எழுதி மதிப்பெண் வாங்குகிறவனுக்கு ஓர் ஆட்டமாவது வர வேண்டுமே. இலங்கையிலேயே இந்தக் கவலை உண்டு. அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனை மக்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்று தொடங்கியபோது, கூத்தை வளாகத்திலிருந்து களரிக்கே திருப்பிக் கொண்டுபோய், அதில் பெண்களையும் சாதியையும் காட்டும் விதத்தை ஆடுகிறவர்களோடே பேசி மாற்றினார். வாத்தியாரும் பாடமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

அதற்கேற்ற இடம் கள்ளக்குறிச்சிப் பக்கமே உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றி அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள்; பெற்றவர்கள் பலர் காப்பித் தோட்டங்களுக்கு வேலை தேடிப் போயிருப்பார்கள். மாலையில் அந்தப் பிள்ளைகளுக்கு நேரம் இருக்கிறது. கீழே, கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களில், ஆடி முடிந்து தை வரும்வரை வாத்தியார்களுக்கு ஆட்டம் குறைவு. கூலி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த மாதங்களில் பள்ளியும் நடக்கிறது. ஒரு வாத்தியாரையும் ஒரு மிருதங்கக்காரரையும் நாலு மாதத்துக்கு மலைக்கு அழைத்து, ஆசிரியருக்குரிய மரியாதையோடும் சம்பளத்தோடும் தங்கவைத்தால், அண்ணாவியார் முறை இங்கேயும் நடக்கும். யாரும் ஜமாவில் சேர வேண்டியதில்லை, படிப்பை விட வேண்டியதில்லை. ஆணும் பெண்ணுமாக முப்பது பிள்ளைகள் ஒரே ஒரு கூத்தை முழுசாகக் கற்றால் போதும். மலையில் அவர்களுக்கென்று இருக்கிற பாட்டையும் ஆட்டத்தையும் வாத்தியார் கேட்டுக் கற்க வேண்டும். இது அவருக்கும் பள்ளிக்கூடம்தான்.

அரங்கேற்றத்துக்கு முன்னால் ஒரு நாள் சலங்கை கட்டும் இரவு வைக்க வேண்டும். மைதானத்தில், விளக்கு வெளிச்சத்தில், ஊரைக் கூப்பிட்டு. தோட்டத்து வேலையிலிருந்து அம்மாக்கள் வந்துசேரும் நாளாகப் பார்த்து.