கையில் இருக்கும் சீட்டும் கீழே போடும் சீட்டும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பையில் இரண்டு சீட்டுக்கட்டு வைத்திருந்தேன். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊர். திண்ணையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்ததும் அப்பத்தா கேட்டது ஒரே கேள்விதான்: "வீட்டுக்குள்ள எதுக்குடா இந்தக் கருமம்?" காசு வைத்து ஆடப்போவதில்லை, இது கதை விளையாட்டு, கௌபாய் கதை என்று விளக்கிப் பார்த்தேன். அப்பத்தா காதில் வாங்கவில்லை. அவருடைய இளைய மகன், அதாவது என் சித்தப்பா, கண்மாய்க்கரையில் மூணு சீட்டு ஆடி அரை ஏக்கர் நஞ்சையை விட்டவர். எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு என்பது வெறும் ஐம்பத்திரண்டு அட்டைகள் இல்லை.

நான் கொண்டுபோனது மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, ஒருவர் கதைசொல்லியாக இருந்து நடத்தும் விளையாட்டு. 1974இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்குத் தொடக்கம். பாத்திரம் குதித்துத் தப்பியதா, விழுந்ததா என்று பகடை சொல்லும். மறு வருடம் வந்த 'பூட் ஹில்' என்ற கௌபாய் விளையாட்டும் பகடையைத்தான் உருட்டியது. சீட்டு பின்னால் வந்தது. முத்து, லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் படித்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கௌபாய் கதை என்றால் மதுக்கூடம், மதுக்கூடம் என்றால் போக்கர் மேசை. என் கேள்வி வேறு: சீட்டு அங்கே வெறும் ஜோடனையா, இல்லை விளையாட்டுக்குள் ஏதாவது வேலை பார்க்கிறதா?

மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு முதலில் தோன்றுவது இது: பகடைக்கு ஞாபகம் கிடையாது. "இத்தனை நேரம் விழல, இப்ப விழுந்துதான் ஆகணும்" என்று தாயம் ஆடுகிறவர் சொல்வது அவருடைய ஆசை. கட்டைக்கு அது தெரியாது. இருபது முகப் பகடையை இருபது தடவை உருட்டினாலும், ஒரு தடவைகூட இருபது விழாமல் போவதற்குச் சுமார் 36 சதவீத வாய்ப்பு உண்டு. சீட்டுக்கட்டு அப்படியில்லை. மூன்று ஆஸ் வெளியே வந்துவிட்டால் மிச்சம் ஒன்றுதான், கட்டு தீர்வதற்குள் அது வந்தே தீரும். நடந்தது எல்லாம் அதற்குள் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1967இல் ஆந்திர அரசு எதிர் சத்யநாராயணா வழக்கில் ரம்மியைப் பெரும்பாலும் திறமை விளையாட்டு என்று சொன்னதற்கு ஒரு காரணமே இதுதான்: விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்று தெரிய வேண்டும். அதே தீர்ப்பு மூணு சீட்டை முழுக்க அதிர்ஷ்டம் என்று ஒதுக்கியது. சித்தப்பாவுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

இந்த அளவுகோலை வைத்து 'டெட்லேண்ட்ஸ்' விளையாட்டைப் பார்க்கலாம். 1996இல் ஷேன் லேசி ஹென்ஸ்லி எழுதியது. பேய்களும் துப்பாக்கிகளும் கலந்த அமெரிக்க மேற்கு. பாத்திரத்தை உருவாக்கப் பன்னிரண்டு சீட்டு எடுத்து இரண்டைக் கழிக்க வேண்டும். சீட்டின் இனம் எத்தனை பகடை என்று சொல்லும், எண் எந்தப் பகடை என்று சொல்லும். இங்கே சீட்டு, தொப்பி போட்ட பகடை. அவ்வளவுதான். ஆனால் சண்டை வந்ததும் கதை மாறுகிறது. யார் முதலில் சுடுவது என்பதைச் சீட்டு தீர்மானிக்கிறது. ஆஸிலிருந்து கீழே இறங்கி வருவார்கள். கையிலிருக்கும் ஒரு சீட்டைச் சட்டைக் கைக்குள் ஒளித்துவைப்பதுபோல வைத்துக்கொண்டு, சமயம் பார்த்து இறக்கலாம். பகடையால் இது முடியாது. உருட்டிய எண்ணை யாரும் மடியில் கட்டிவைக்க முடியாது. காத்திருப்பதே ஒரு செயலாக மாறும் அந்த இடத்தில்தான் டெட்லேண்ட்ஸ் தன் சீட்டுக்கட்டுக்கு நியாயம் செய்கிறது.

'ஏசஸ் அண்ட் எய்ட்ஸ்' 2007இல் வந்தது. 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட் ஊரில் சுடப்பட்ட வைல்ட் பில் ஹிக்காக் கையில் ஆஸும் எட்டும் ஜோடியாக இருந்தன என்ற கதையிலிருந்து வந்த பெயர். குறி தப்பினால் குண்டு எந்தப் பக்கம் விலகியது என்று ஒரு சீட்டை எடுத்துப் பார்ப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் சீட்டு மறுபடியும் பகடையாகிவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மாட் ஸ்னைடரின் 'டஸ்ட் டெவில்ஸ்', 2002. மோதல் வந்தால் எல்லோரும் போக்கர் கையைச் சேர்ப்பார்கள். நல்ல கை வைத்திருப்பவர் ஜெயிப்பார். ஆனால் மேசையில் எல்லாவற்றிலும் பெரிய ஒற்றைச் சீட்டு யாரிடம் இருக்கிறதோ, நடந்ததைச் சொல்லும் உரிமை அவருக்கு. ஜெயித்தது நீங்கள், அது எப்படிப்பட்ட ஜெயம் என்று சொல்வது நான். வெற்றியையும் அதன் அர்த்தத்தையும் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுக்கிற இந்த விதியைப் பல நாவல்களே யோசித்ததில்லை.

சரி, திண்ணைக்கு வருவோம். எங்கள் ஆட்டம் அரை மணி நேரத்தில் படுத்துவிட்டது. யாருக்கும் போக்கர் தெரியாது. ஒரே நிறம் பெரிதா, வரிசை பெரிதா என்று தகராறு. போக்கரில் நிறம் பெரிது, மூணு சீட்டில் வரிசை பெரிது. "எங்க ஊர்ச் சட்டம் வேற மாப்ள" என்று மச்சான் கட்டைக் கீழே வைத்துவிட்டான். ஆனால் ரம்மி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதனால் விதியை மாற்றினோம். நார்த்தாமலைப் பாறைகளுக்கு நடுவே மாட்டுத் திருட்டு என்று கதை. ஆளுக்கு ஏழு சீட்டு, செட் சேர்ந்தால் காரியம் நடக்கும். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. போக்கரில் நான் கழித்துப்போடும் சீட்டு யாருக்கும் உதவாது, கவிழ்ந்து கிடக்கும். ரம்மியில் அது மல்லாந்து கிடக்கிறது, அடுத்தவன் அதை எடுக்கலாம். எனக்கு வேண்டாத ராணி அவனுக்கு வரிசையை முடித்துக் கொடுக்கும். போக்கர், ஒருவரை ஒருவர் அறியாத அந்நியர்களின் ஆட்டம். தனியாகக் குதிரையில் வந்து தனியாகப் போகிறவனின் கதைக்கு அது பொருந்துகிறது. ரம்மியில் பக்கத்து ஆள் இல்லாமல் ஆட்டமே இல்லை. அது ஊர்க்கதை. நான் விட்டது யார் கைக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

சித்தப்பாவின் நிலத்தை ஜெயித்தவர் இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதுகிறார். நாங்களும் ஆடி மாதம் அவர் மொய் விருந்துக்குப் போய் எழுதிவிட்டு வருகிறோம். கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் அந்த நோட்டுதான் சீட்டுக்கட்டு மாதிரி, ஒன்றையும் மறக்காது. இப்படி ஒரு வஞ்சத்தை, வஞ்சமாக இருக்கக்கூட முடியாத ஒன்றை, போக்கர் கையால் சொல்ல முடியாது.

இணைய ரம்மியைப் பற்றித் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது; 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் நீக்கியது. திறமையா, அதிர்ஷ்டமா என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் ஒரு கேள்வி. போனில் ஆடித் தோற்கிறவனுக்குத் தன் காசு யாரிடம் போனது என்று தெரியாது. அவனுக்கு மொய் எழுத யாரும் வரப்போவதில்லை.

கௌபாய் விளையாட்டுகளிடம் எனக்குள்ள குறை இதுதான். அவை போக்கரை எடுத்துக்கொண்டதால் போக்கரின் தனிமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டன. நாம் அப்படியே மொழிபெயர்த்தால் தொப்பிதான் வந்து சேரும். நம் கதைக்கு நம் கை தெரிந்த ஆட்டம் வேண்டும்.

அன்றைக்கு இருட்டியபின் நான் ஒரு ஜாக்கியைக் கீழே போடப் போனேன். முதுகைக் காட்டிப் பூத்தொடுத்துக்கொண்டிருந்த அப்பத்தா திரும்பாமலே சொன்னது: "அதப் போடாதடா. அடுத்தாளு அதுக்குத்தான் ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்கான்."