முல்லைக்கலியும் மேடை முழக்கமும்

தைத் திங்கள் முதல் நாள் அவனியாபுரத்து வாடிவாசல் திறக்கும், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். இந்த வீரத்துக்குப் பழஞ்சான்று யாதெனக் கேட்டால், அவ்வூர் மாணவன் தயங்காமல் "கலித்தொகை" என்பான். மகிழ்கிறோம்! "தம்பி, கலித்தொகையில் எதைப் படித்தாய்?" என்று அடுத்துக் கேட்டுப் பாருங்கள். மேடையில் கேட்ட ஓரடி வரும். தேர்வுக்கு நெட்டுருப் போட்ட மற்றோரடி வரும். பிறகு மௌனம்!

சான்று காட்டத் தெரிந்தவரெல்லாம் நூலைப் படித்தவர் ஆகிவிடுவரா?

கலித்தொகைப் பாடல்கள் 150. அவற்றுள் 101 முதல் 117 வரையிலான பதினேழும் முல்லைக்கலி. பாடியவர் சோழன் நல்லுருத்திரன் என்பது மரபு. உரை கண்டவர் மதுரை நச்சினார்க்கினியர். ஏட்டிலிருந்து அச்சேற்றித் தந்தவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை; ஆண்டு 1887. இத்தனை கைகள் காத்துத் தந்த செல்வத்தை ஓரடியோடு மூடிவிடுவது முறையா?

முழுதும் படிப்பவன் காண்பதென்ன? ஏறுகளின் நிறத்துக்குத் தெய்வங்களின் நிறம் உவமையாகிறது. குருதி கொட்டுகிறது, குடர் சரிகிறது, புலவர் எதையும் மறைக்கவில்லை. கொம்பு பாய்ந்த கொடுமையைக் காட்டப் பாரதக் கதை உவமையாக வருகிறது. இங்கே மாணவன் சற்று நிற்க வேண்டும். ஆயர் பாட்டுக்குள் பாரதம் எப்போது புகுந்தது? பாட்டின் காலம் எது? தொகை நூல்கள் பலவற்றுக்கும் பிந்தியது கலி என அறிஞர் பலர் கருதுவதற்கான தடயம் அவன் கண்ணெதிரே கிடக்கிறது!

மேலும் படிக்கட்டும். இன்று வென்றவனுக்குப் பரிசு. அன்று வென்றவனுக்கு மணமகள். சல்லிக்கட்டும் ஏறுதழுவலும் உறவுடையவை; ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. கொம்புக்கு அஞ்சுபவனை ஆயர்மகள் ஏற்கமாட்டாள் என்கிறது பாட்டு. வீரந்தான்! ஆனால், அவள் மனத்துக்கு இசைந்தவன் அன்று ஏற்றிடம் தோற்றிருந்தால்? வென்றவனிடமே அவள் உள்ளம் செல்வதாகப் பாடல்கள் அமைந்திருப்பது அக்கேள்விக்கு விடையா, அதை மூடிய திரையா?

"இப்படியெல்லாம் கேட்டால் தமிழன் பெருமை குன்றாதா?" என்பர் சிலர். 2014இல் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 சனவரியில் இளைஞர் திரண்டனர், சட்டம் பிறந்தது. அச்சட்டம் செல்லும் என 2023இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குக்குச் சான்று தேவைப்பட்டது, தந்தோம். இனியேனும் கலித்தொகையைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கி, மாணவன் மேசைக்குக் கொண்டுவருவோம்.

முதலில் உரையின் துணையின்றி ஒரு பாட்டைப் படிக்கட்டும். புரியாத சொல்லைக் குறிக்கட்டும். பிறகு உரையைப் பார்க்கட்டும். உரைகாரர் சொன்னது பாட்டில் உண்டா என்று தேடட்டும். பேசுவது யார், யாரிடம், எதற்காக என்று கேட்கட்டும். பேச வாய்ப்புப் பெறாதவர் யார் என்றும் கேட்கட்டும்.

பிறர் ஏட்டை நோக்கி "ஏன்?" என்பது எளிது. தன் நெஞ்சுக்கு இனிய ஏட்டையும் அவ்வாறே கேட்பவன்தான் படிப்பாளி. கேள்விக்கு அஞ்சி ஒளிய வேண்டிய நிலையில் முல்லைக்கலி இல்லை. அஞ்சுவது நாமெனில், கொம்புக்கு அஞ்சியவன் நிலைதான் நமக்கும்!