டேம் பூங்கா: கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆறுதான் இல்லை

வேப்பனப்பள்ளிப் பக்கம் மார்க்கண்டேய நதி ஓடுகிறது. ஆனாலும் ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல் என்றால் ஜனம் கிளம்புவது கிருஷ்ணகிரியைத் தாண்டி கே.ஆர்.பி. டேமுக்குத்தான். 1950-களில், காமராஜர் ஆட்சியில், தென்பெண்ணையின் குறுக்கே எழுந்த அணை. அதன் அடியில் பூங்கா.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர், மாந்தோப்புக் கூலியாள், பெங்களூர் கார்க்காரர் எல்லாரும் ஒரே புல்தரையில் உட்காருகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். வெளியே மிளகாய் மசாலா தடவி அடுக்கிய மீன். விரல் நீட்டினால் போதும், எண்ணெயில் இறங்கிவிடும். மீனுக்காக வந்து பூங்காவில் உட்காருபவர்களே அதிகம் என்பது என் சந்தேகம். ஏழைக் குடும்பம் கையைக் கடிக்காமல் ஒரு நாளைக் கழிக்க இந்த வட்டாரத்தில் இப்படி எத்தனை இடம் இருக்கிறது?

ஊஞ்சல், கழிப்பறைப் புகார்கள் எல்லா ஊர்ப் பூங்காவுக்கும் பொருந்தும், விடுவோம். என் குறை வேறு. ஆற்றங்கரையில் இருந்துகொண்டு ஆற்றுக்கு முதுகைக் காட்டும் பூங்கா இது. பெங்களூர்க் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை, மேலே கெலவரப்பள்ளி அணையில் நுரை கக்குகிறது. அந்த ஆறுதான் இங்கும் வருகிறது. பூங்காவுக்கு வருபவர் கண்ணில் ஆறு படுவது, வெள்ளத்தில் தரைப்பாலம் மூழ்கி வழி அடைபடும்போதோ, 2017 நவம்பரில் நடந்ததுபோல் மதகு உடையும்போதோதான். அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பேப்பரில் அடிக்கடி வருகிறது. அது எப்படிப்பட்ட தண்ணீர் என்பது நுரை பொங்கினால் மட்டுமே செய்தி.

பெங்களூர் சாக்கடைக்குப் பூங்காவை நோவானேன் என்பார்கள். சுத்தம் செய்வது பூங்காவின் வேலையல்ல, சரிதான். ஆனால் நம் மாவட்டத்தில் ஆற்றோரம் இவ்வளவு பேர் கூடும் இடம் வேறு எது? நீர்த்தரத்தை வாசலில் எழுதிப்போட ஒரு பலகையும் சாக்பீஸும் போதும்.

மார்க்கண்டேய நதியின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் குறுக்கே கர்நாடகம் கட்டிய யார்கோள் அணையை எதிர்த்த தமிழக மனுவை உச்ச நீதிமன்றம் 2019-இல் தள்ளுபடி செய்தது. அந்த இழப்பை விவசாயி மட்டுமே தன் இழப்பாக எண்ணினார். கரையில் வந்து உட்காரும் பழக்கம் ஊருக்கு இருந்திருந்தால், கவலைப்பட இன்னும் நாலு பேர் இருந்திருப்பார்கள்.

பொழுதுபோக்கு இடமாக டேம் பூங்கா தேறிவிட்டது. ஆற்றங்கரைப் பூங்காவாகத் தேறவில்லை. நாளை வேப்பனப்பள்ளிக்கு ஒரு பூங்கா என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், நீரூற்றும் செல்ஃபி மேடையும் அப்புறம். கரையை அளந்து கல் நட்டு, ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழும் இடத்தை முதலில் அடைக்கட்டும்.